பகல் தூக்கம், இரண்டு பக்கங்கள்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் வீட்டில் உட்கார்ந்து டெக்னோ இசை போடுகிறார், அவருடைய முதல் ரெக்கார்டு வெளிவரப் போகிறது என்று சொன்னால், அந்த வீடு எப்படி அதிரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நீங்களே ஒருநாள் மத்தியானம் போய்ப் பாருங்கள். காலிங் பெல்லை அழுத்தினால் அடிக்காது. ஒயரை அவரே பிடுங்கி வைத்திருக்கிறார். சொட்டுகிற குழாயில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், தண்ணீர் சத்தம் போடாமல் அதன் வழியே வாளிக்குள் இறங்க. போன் மடித்த துண்டின் மேல்தான் இருக்கும். கதவுக் கீலுக்கு ஞாயிறு தவறாமல் எண்ணெய். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் பழைய சாக்ஸ், நான்கும் நான்கு நிறம். இந்த மனுஷன்தான் ஊரை ஆட வைக்கிறாராம்!

காரணம் உள் அறையில் தூங்கிக்கொண்டிருக்கும். அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர இரவு டியூட்டி. அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. காலை எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பார். மெஷின்காரர் அதற்கேற்ப காலையில் மூன்று வீடு, சாயங்காலம் இரண்டு வீடு என்று தன் வேலையைப் பிரித்துக்கொண்டார். பன்னிரண்டிலிருந்து நாலு வரை அவருடைய சொந்த நேரம். ஹாலில் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஒரு மேஜை, அதில் ஒரு லேப்டாப், வரிசையாகக் குமிழ்கள் வைத்த ஒரு பெட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலின் தலைமாடு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது.

டெக்னோ என்றதும் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். பாடுகிறவர் கிடையாது, வரிகள் கிடையாது. தும் தும் தும் என்று மாறாத ஓர் அடி, அதனடியில் பேஸ் என்கிற கனத்த முழக்கம், மேலே சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும், எழுந்து போகும். அவருக்குச் சத்தங்களுக்கா பஞ்சம்? பேரிங் போன டிரம் உறுமுவதையும், தண்ணீர் வடிந்த பிறகு பம்ப் விக்குவதையும், சட்டைப் பையில் மறந்த ஒரு சாவி உள்ளே உருண்டு உருண்டு அடிப்பதையும் போனில் பிடித்துக்கொண்டு வருவார். "மெஷினைச் சரிபண்ணச் சொன்னா, இவரு உக்காந்து ரசிச்சிக்கிட்டு இருக்காரு" என்று ஒரு வீட்டம்மாள் புகார் செய்ததும் உண்டு.

இந்த இசையைக் கேட்ட முதல் ஆள் அவருடைய மச்சினன், நர்ஸம்மாவின் தம்பி. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். ஹெட்போனை ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது மியூசிக்கா, கம்ப்ளெய்ண்ட்டா?" என்று கேட்டான். கேட்டவன் சும்மா இருக்கவில்லை. 'ஸ்பின்காரன்' என்று ஒரு பேரையும் வைத்து, மாமாவைக் கேட்காமலே இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டான். இரண்டு வருஷத்தில் என்னவெல்லாமோ நடந்துவிட்டது. எங்கோ ஒரு தூரத்து நகரத்தில் மூவாயிரம் பேர் கூடிய மைதானத்தில் அவருடைய ஒரு பீஸைப் போட்டு ஆடிய வீடியோ வந்தது. மெஷின்காரர் அதை ஒரு வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தார், ஒரு கையில் ஸ்பேனரோடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கேட்டதற்குச் சோப்புத்தூள் பட்டுவிட்டது என்றார்.

பிறகுதான் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரம்மா கூப்பிட்டார். நான்கு பீஸ், ஒரு தட்டு, பக்கத்துக்கு இரண்டு. ரெக்கார்டுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டபோது மெஷின்காரர் சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். "பகல் தூக்கம்" என்றார்.

இரண்டாம் பக்கத்து முதல் பீஸுக்கும் அதே பெயர். அதில் மெஷின் எதுவும் கிடையாது. படுக்கையறை மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை லேசாக உரசுகிற சத்தத்தைக் கதவிடுக்கில் போனை வைத்துப் பிடித்துச் செய்தது. மைதானத்தில் ஆடியதும் அதற்குத்தான். நர்ஸம்மாவுக்கு அது தெரியாது. அவர் கணவருடைய ஒரு பீஸைக்கூட கேட்டதில்லை. அவர் விழித்திருக்கிற நேரத்தில் இவர் அடுத்தவர் வீட்டில் மெஷினுக்கடியில் கிடப்பார்; இவர் இசையோடு இருக்கிற நேரத்தில் அவர் தூங்குவார். ஹெட்போனை நீட்டி "கேளேன்" என்று சொல்ல இந்த மனுஷனுக்குக் கூச்சம். ரெக்கார்டாக வந்த பிறகு ஒருநாள் உட்காரவைத்து முழுசாகக் கேட்கவைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. மூவாயிரம் பேர் ஆடின பெருமையெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஒரு திங்கட்கிழமை காலை தட்டு வெட்டுகிறவர் போன் செய்தார். ரெக்கார்டில் ஊசி ஓடுகிற பள்ளத்தை முதல் தட்டில் செதுக்கித் தருகிற ஆள்.

"நாலுல மூணு பிரமாதம் சார். ரெண்டாம் பக்கம் முதல் பீஸை மட்டும் வெட்ட முடியாது."

"ஏங்க?"

"பேஸ் இடதுலயும் வலதுலயும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது. இடது பக்கம் தள்ளும்போது வலது பக்கம் இழுக்குது. அப்படியே வெட்டினா ஊசி பள்ளத்தை விட்டு எகிறிடும். நீங்க எதுல கேட்டு மிக்ஸ் பண்ணீங்க?"

"ஹெட்போன்ல."

"அப்புறம் ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்திருப்பீங்கல்ல?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூடவா?" என்றார் அந்த ஆள், நிஜமாகவே திகைத்துப்போய்.

கம்பெனிக்காரம்மா அன்று சாயங்காலமே பேசினார். புதன்கிழமை ஐந்து மணிக்குள் சரிசெய்து அனுப்ப வேண்டும். ரெக்கார்டு அச்சடிக்கிற ஃபேக்டரியில் இடம் பிடித்திருப்பது இந்த ஒரு முறைக்குத்தான். தவறினால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். "இல்லேன்னா அந்தப் பீஸை மட்டும் எடுத்துட்டு வேற ஒண்ணு போடலாமா? மூணு ரெடியா இருக்கே" என்றார், இதமாகத்தான். மெஷின்காரர் அவசரமாக மறித்தார். "வேணாம்மா. அனுப்பிடறேன்" என்றார்.

ஸ்பீக்கர் ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள்தானே? கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒருநாள் மத்தியானம் இவர் தன்னை மறந்து சத்தமாகப் போட்டுவிட்டார். நர்ஸம்மா இரண்டு தடவை எழுந்து வந்து வாசலில் நின்றார். இவர் குறைப்பதும், அவர் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுமாக இருந்தார். அன்றிரவு வார்டில், நாலாவது கட்டிலுக்குரிய மாத்திரையை நர்ஸம்மா மூன்றாவது கட்டில்காரரிடம் நீட்டிவிட்டார். "சிஸ்டர், என் மாத்திரை மஞ்சள்ல இருக்கும்" என்று அவரே சொன்னதால் தப்பித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விளக்கம் எழுதிக் கொடுத்து, தலைமை நர்ஸ் முன்னால் கைகட்டி நிற்கவேண்டி வந்தது. காலையில் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் அழுதுவிட்டார். கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இவரைக் கொன்றது. மறுநாள் ஸ்பீக்கர் இரண்டையும் பழைய போர்வையில் சுற்றி பீரோவின் மேல் ஏற்றினார். ஒன்பது வருஷமாக அவருடைய இசை அவர் மண்டையை விட்டு வெளியே வந்ததில்லை.

ஆகவே திங்கள் மத்தியானமும் செவ்வாய் மத்தியானமும் மெஷின்காரர் வேனுக்குள் போய் உட்கார்ந்தார். தெருக்கோடியில், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஜன்னலை ஏற்றிவிட்டு, வேனின் ஸ்பீக்கரில் அந்தப் பீஸைப் போட்டுக் கேட்டார். பேஸ் ஜம்மென்று வந்தது. திரும்பப் போட்டார். மறுபடியும் ஜம். வியர்வை வழிய வழிய இருபது தடவை கேட்டுவிட்டு, வெட்டுக்காரருக்குத்தான் காது கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். வேனின் இடது ஸ்பீக்கர் ஊமையாகி ஒரு வருஷமாகிறது, தான் கேட்பது பாதியை மட்டும்தான் என்பது அந்த மகானுபாவருக்கு உறைக்கவில்லை. ஊரில் உள்ள மெஷின் எல்லாவற்றையும் சரிபண்ணுகிறவர் சொந்த வண்டியை எப்போது பார்த்திருக்கிறார்?

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வேன் ஜன்னலை யாரோ தட்டினார்கள். திரும்பினால் நர்ஸம்மா. நைட்டியின் மேல் ஒரு துண்டு, அள்ளி முடிந்த தலை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

இவருக்கு உயிரே போய்விட்டது. "ஏம்மா, என்னாச்சு? ஏன் எழுந்திரிச்ச?"

"அதை நான் கேக்கணும். மூணு நாளா இங்க வந்து உக்காந்திருக்கீங்களே, வேனுக்குள்ள வேற குடும்பம் ஏதாவது இருக்கா?"

"ஐயோ, இல்லம்மா. சும்மா, ஒரு வேலை... நீ போய்த் தூங்கு."

"எப்படித் தூங்குறது? நீங்க அங்க இல்லயே."

மெஷின்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸம்மா கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"உங்க குதிகாலு" என்றார். "அந்த நாற்காலில உக்காந்தா தரையில குதிகாலால தட்டிக்கிட்டே இருப்பீங்க. தெரியாதா உங்களுக்கு? தரை வழியா வந்து கட்டில்ல கேக்கும். லேசாத்தான், டுப்பு டுப்புன்னு. மத்தவங்களுக்குக் கேக்காது. நான் தலையணையில காதை வெச்சா கேக்கும். அது ஆரம்பிச்சாத்தான் எனக்குக் கண்ணு நல்லா சொருகும். நீங்க வேகமா தட்டுற அன்னிக்கு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன். மெதுவா தட்டினா கண்டபடி கனவு வரும்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா. பின்ன என்ன, பஞ்சு மெத்தையிலயா தூக்கம் வருது? மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. என்ன நடக்குதுன்னு இப்ப சொல்றீங்களா, இல்ல தம்பிக்கு போன் போடவா?"

எல்லாவற்றையும் சொன்னார். வெட்டுக்காரர், ஐந்து மணி, எட்டு மாதம், எல்லாம். நர்ஸம்மா கேட்டுவிட்டு, "பீரோ மேல இருக்கிறதை இறக்குங்க" என்றார்.

"வேணாம்மா. அன்னிக்கு என்னால..."

"அன்னிக்குத் தப்பு பண்ணினது என் கண்ணு. லேபிளைப் படிக்காம நீட்டினது என் கை. உங்களை யாராவது தண்டனை அனுபவிக்கச் சொன்னாங்களா? நானாவது சொன்னேனா?" தோளில் நழுவிய துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்களா ஒரு ஜெயிலைக் கட்டி உள்ள போய் உக்காந்துக்கிட்டீங்க. அதுக்கு நான் காவல்னு வேற வெச்சுட்டீங்க. எனக்கு அது பிடிக்கல. எறங்குங்க."

இறங்கினார். வேறு என்ன செய்வார்?

ஸ்பீக்கர்களைப் பிரித்தபோது போர்வையிலிருந்து உதிர்ந்த தூசியில் இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். முதல் பக்கத்து முதல் பீஸைப் போட்டார். வீடு என்பது அதிரக்கூடிய ஒரு பொருள் என்று ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவர்களுக்கு ஞாபகம் வந்தது. அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. நர்ஸம்மா ஹாலின் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இவ்ளோ சத்தம் உங்களுக்குள்ளயா இருந்துச்சு?"

மெஷின்காரர் அசடு வழிந்தார். நர்ஸம்மா நாடி பார்க்கிற பழக்கதோஷத்தில் இரண்டு விரலை ஸ்பீக்கர் ஓரத்தில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்தி இருபத்தெட்டு. ஒரு பேஷண்ட்டுக்கு இப்படி ஓடினா டாக்டரை எழுப்பிடுவேன்."

அடுத்து 'பகல் தூக்கம்'. மின்விசிறி உரசல் வந்தது, மேலே மினுமினுவென்று ஏதோ வந்தது. அடி விழவேண்டிய இடம் வந்தது. விழவில்லை. ஹெட்போனில் தலைக்குள் யானை நடக்கிற மாதிரி இருந்த பேஸ், ஹாலுக்குள் வந்தால் ஆளையே காணோம். மெஷின்காரர் மேஜைக்குப் பாய்ந்தார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், குமிழைத் திருகினார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"இருங்க, பதறாதீங்க" என்ற நர்ஸம்மா இடது ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தார். வலதுக்குப் போய் வைத்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில் வந்து தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கையில பல்ஸ் இருக்கு. கால்லயும் இருக்கு. நெஞ்சுக்கு வந்தா இல்ல."

மெஷின்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போதுதான் பிடிபட்டது. அந்தப் பீஸ் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும் என்ற ஆசையில், ரெக்கார்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பேஸைப் பிடித்து இரண்டு காதுக்குமாக விரித்துவிட்டார். காதுக்கு ஒன்றாகக் கேட்கும்போது அது சொர்க்கம். ஒரே அறைக்குள் இரண்டும் சந்தித்தால், ஒன்று தள்ள மற்றது இழுக்க, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. ஹெட்போனைத் தவிர வேறு எதையும் அறியாத ஒரு ஆளால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

உட்கார்ந்தார். விரித்ததைச் சுருக்கி பேஸை நடுவுக்குக் கொண்டுவந்தார். அடியை அதன் மேல் நிறுத்தினார். நர்ஸம்மா நடுவிலேயே நின்று, "இன்னும் வீக்கா இருக்கு... இப்ப பரவால்ல... ஆங், இப்ப வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "இதுல ஒரு உரசல் சத்தம் வருதே, எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். நம்ம ஃபேன் என்று மெஷின்காரர் சொன்னதும், அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் அர்த்தம் சொல்லப் போவதில்லை.

மணி இரண்டரை ஆகியிருந்தது. இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. மேல்சத்தங்களில் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஆனால் ஏழரைக்கு நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும், மூன்று நாள் தூக்கம் பாக்கி. மெஷின்காரர் மூன்றாவது கட்டிலையும் நாலாவது கட்டிலையும் நினைத்தார். ஸ்பீக்கரை அணைத்தார்.

"போதும். நீ போய்ப் படு."

"சரியா வந்துடுச்சா? எனக்காக நிறுத்தாதீங்க."

"பல்ஸ் வந்துடுச்சு. மீதி அவங்க பாத்துப்பாங்க."

நர்ஸம்மா படுத்துக்கொண்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பீஸை அனுப்பிவிட்டு, குதிகாலால் தட்ட ஆரம்பித்தார். தெரியாமல் செய்தவரை எல்லாம் சரிதான், தெரிந்து செய்ய வரவேண்டுமே! ஒரு நிமிஷத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரொம்ப ஒழுங்கா தட்டாதீங்க. எப்பவும் போல தட்டுங்க." பிறகு குரல் வரவில்லை. சாயங்காலத்து இரண்டு வீட்டுக்கும் நாளைக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு, ஆறரை மணி வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரெக்கார்டு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு ரெக்கார்டுக் கடையில் வெளியீடு. மரத்தரை போட்ட சின்ன கடை, நாற்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். அறுபது பேர் நின்றார்கள். மச்சினன் ஸ்பின்காரன் என்று அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தானே போட்ட இசை மாதிரி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தான். மெஷின்காரர் மூலையில் கையைப் பிசைந்துகொண்டு வாசலையே பார்த்தார். அன்று காலை டியூட்டிக்கு வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. நர்ஸம்மா இரவோடு பகலும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேரே வருகிறேன் என்றிருந்தார்.

மூன்றே காலுக்கு வந்தார். வெள்ளை ஷூ, தோளில் சாப்பாட்டுப் பை. "இன்னிக்கு முழுசா கேக்கப்போறேன்" என்று அவர் காதில் சொன்னார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கடைக்காரர் முதல் பக்கத்தில் ஊசியை வைத்தார்.

தும் தும் தும். கடை முழுக்கத் தலையாட்டியது. மெஷின்காரர் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் சிரித்தபடி கேட்டார். இரண்டாவது நிமிஷம் கண் சொருகியது. மூன்றாவது நிமிஷம் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நர்ஸம்மா நன்றாகத் தூங்கிப்போனார்.

"ஐயோ பாவம்" என்று கம்பெனிக்காரம்மா பதறினார். கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனார். ஒன்பது வருஷமாகக் குரலை உயர்த்தாத மனுஷன் கூட்டத்துக்கு மேலே கத்தினார். "கை வெக்காதீங்க! குறைச்சா முழிச்சிடுவா!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்காவிடம் குதிகால் கதையைக் கேட்டிருந்த மச்சினனுக்குப் புரிந்தது, அவன் ஏனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரெக்கார்டு அடுக்கைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

முதல் பக்கம் முடிந்தது. ஊசி எழுந்தது. கடை திடீரென்று அமைதியானது. தட்டைத் திருப்பிப் போடவேண்டும், அதற்கு அரை நிமிஷமாவது ஆகும். நர்ஸம்மாவின் புருவம் சுருங்கியது. கண் இமை அசைந்தது.

மெஷின்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, மரத்தரையில் குதிகாலால் தட்டத் தொடங்கினார். ரொம்ப ஒழுங்காக இல்லாமல், எப்பவும் போல. புருவம் தளர்ந்தது. கடைக்காரர் தட்டைத் திருப்பி, ஒரு துணியால் துடைத்து, ஊசியை மெதுவாக இறக்கினார். மின்விசிறி உரசியது. அதன் பின்னால் அடி விழுந்தது, நடுவில், நெஞ்சில்.

அதற்குப் பிறகும் அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.